முதலில் சாணை, அப்புறம் கடைசல்

சென்ற இதழில், வீட்டுப் பின்கட்டில் ஒரு லேத் (கட்டையைச் சுழலவிட்டு உளியால் கடைகிற மெஷின்) போட்டு மரக் கடைசல் பழகுவது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை "எந்த மெஷின் வாங்கலாம்?" என்று கேட்கின்றன. உளியைப் பற்றிக் கேட்டவர் ஒரே ஒருவர்தான். நான் கோவையில் ஒரு ஃபவுண்டரியில் 31 வருடம் பேட்டர்ன் செய்தவன். பம்பு, மோட்டார் பாகங்களை இரும்பில் வார்ப்பதற்கு முன்னால் அதே வடிவத்தை மரத்தில் செய்து கொடுக்கிற வேலை அது. பாதி நாள் லேத் முன்னால்தான் நிற்போம். அந்த ஒருவர் கேட்டதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அவருடைய கடிதத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஐயா, ஆறு மாதமாகக் கடைகிறேன். உளியை வைத்ததுமே சில நேரம் டக்கென்று கொத்திக் கட்டையையே பிடுங்கி எறிகிறது. சில நேரம் சீவல் வராமல் வெறும் தூள் கொட்டுகிறது. கோளாறு மெஷினிலா, என் கையிலா?
— திண்டுக்கல் வாசகர்

தூள் கொட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதிலேயே பாதி பதில் இருக்கிறது. கூரான உளி மரத்தைச் சீவும், மழுங்கிய உளி சுரண்டும். சுரண்டினால் தூள்தான் வரும். சீவல் வரவில்லையே என்று நாம் இன்னும் அழுத்துவோம். அப்படி அழுத்தும்போதுதான் உளி கொத்தும்.

மழுங்கிவிட்டதா என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஒரு விளக்கின் கீழே உளியின் வாயை நேராகப் பாருங்கள். வாயில் வெள்ளைக் கோடு மாதிரி வெளிச்சம் மின்னினால் அங்கே மழுங்கல். நல்ல கூருக்கு வெளிச்சத்தைத் திருப்பிக் காட்ட இடமே இருக்காது, கோடு தெரியாது. பூவரசு மாதிரி மரத்தில் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இதைப் பாருங்கள். தேக்கில் இன்னும் சீக்கிரம் பார்க்க வேண்டும். தேக்குக்குள் மணல் சத்து உண்டு, உளி வாயைத் தின்றுவிடும்.

இனி சாணை. கடையில் கிடைக்கிற 6 அங்குல பெஞ்ச் கிரைண்டர் போதும். நம் ஊர் மின்சாரத்தில் அது நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் ஓடும். அதனுடன் வருகிற சாம்பல் நிறக் கல் வெல்டிங் பட்டறைக்கு உரியது. அதைக் கழற்றிவிட்டு வெள்ளை நிற அலுமினியம் ஆக்சைடு கல், 80 கிரிட் (கல்லின் சொரசொரப்பு எண்), வாங்கி மாட்டுங்கள். மாட்டும் முன் கல்லின் துளையில் விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவர் பிடியால் மெல்லத் தட்டுங்கள். கணீர் என்றால் நல்ல கல். சத்தம் செத்து வந்தால் உள்ளே விரிசல் இருக்கிறது, மாட்டவே கூடாது. முதல் தடவை ஓடவிடும்போது ஒரு நிமிடம் பக்கவாட்டில் விலகி நில்லுங்கள். கிரைண்டரில் உளி வைக்கிற தாங்கிக்கும் கல்லுக்கும் நடுவில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி வேண்டாம்.

சாணை பிடிக்கத் தெரியாதவர்கள் செய்கிற தவறு, ஒவ்வொரு முறையும் சரிவை மாற்றிவிடுவது. இதற்கு ஒரு எளிய வழி. உளியின் சரிவு முழுக்கக் கறுப்பு மார்க்கர் பேனாவால் தீற்றுங்கள். கிரைண்டரை ஓட்டாமல் கல்லைக் கையால் லேசாகச் சுற்றுங்கள். மை எங்கே அழிகிறது என்று பாருங்கள். அடிப்பக்கம் மட்டும் அழிந்தாலும், வாய்ப்பக்கம் மட்டும் அழிந்தாலும் தாங்கியின் கோணத்தை மாற்றுங்கள். மேலிருந்து கீழ் வரை ஒரே சீராக அழிந்த பிறகு சுவிட்சைப் போடுங்கள். கோணம் எவ்வளவு என்றால், ஸ்பிண்டில் கௌஜுக்கு (நீளக் கட்டை கடைகிற குழி வாய் உளி) 40 டிகிரி, கிண்ணம் குடைகிற கௌஜுக்கு 50 முதல் 55, ஸ்க்ரேப்பருக்கு (சுரண்டிச் சீராக்குகிற உளி) 75 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய் சாய்வாக இருக்கிற ஸ்க்யூ உளிக்கு இரண்டு பக்கச் சரிவும் சேர்த்து 35 முதல் 40 டிகிரி. டிகிரியில் கொஞ்சம் முன்பின் ஆனால் குடி முழுகிவிடாது. ஆனால் நேற்று பிடித்த கோணமே இன்றும் இருக்க வேண்டும்.

பழைய கார்பன் ஸ்டீல் உளி என்றால் அடிக்கடி தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத் தீட்டுங்கள். வாய் நீலம் பூத்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது, அந்த நீலம் போகிற வரை தேய்த்தெடுத்தால்தான் உளி. எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) உளி அப்படியல்ல. 500 டிகிரி சூட்டிலும் அதன் பதம் போகாது, நிறம் மாறினாலும் கவலையில்லை. சுடுகிற எச்.எஸ்.எஸ்.ஸைத் தண்ணீரில் போட்டால்தான் வாயில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும்.

இப்போது கொத்துகிற விஷயத்துக்கு வருவோம். உளி முதலில் டூல் ரெஸ்டில் (லேத்தில் உளியைத் தாங்குகிற பாகம்) உட்கார வேண்டும். அடுத்தது, கைப்பிடியைத் தாழ்த்திப் பிடித்து, வாய் படாமல் சரிவின் முதுகு மட்டும் சுழலும் மரத்தில் உரச வேண்டும். மூன்றாவதாக, கைப்பிடியை மெல்ல உயர்த்திக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் சீவல் தானாகக் கிளம்பும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். நீங்கள் வாயை முதலில் வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சரிவின் முட்டு இல்லாத வாய் மரத்துக்குள் மூழ்கிவிடும், அதைத்தான் கொத்துகிறது என்கிறோம். ஸ்க்யூவில் மேல் மூலை மரத்தைத் தொட்டாலும் இதே கதிதான். வாயின் கீழ்ப்பாதியால் மட்டும் சீவுங்கள்.

டூல் ரெஸ்டும் மரமும் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்று பாருங்கள். விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் அதிகம். 5 மி.மீ. போதும். நகர்த்திய ஒவ்வொரு தடவையும் கட்டையைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்துவிட்டு சுவிட்சைப் போடுங்கள். மெஷினை நிறுத்திவிட்டுத்தான் ரெஸ்டை நகர்த்த வேண்டும்.

எங்கள் மேஸ்திரி புதிதாகச் சேர்ந்த பையன்களை மூன்று மாதம் லேத்தைத் தொட விடமாட்டார். மற்றவர்களுடைய உளிகளுக்குச் சாணை பிடிப்பதுதான் வேலை. எனக்கும் அப்போது கோபம்தான் வந்தது. நான்காம் மாதம் லேத்தில் நின்றபோது என் உளி ஒரு தடவைகூடக் கொத்தவில்லை.

பணி ஓய்வு பெறப் போகிறேன். மெஷினுக்கு ரூ. 40,000 ஒதுக்கியிருக்கிறேன். புதிதா, பழையதா, எது வாங்கலாம்?
— ஈரோடு வாசகர்

40,000 முழுவதையும் மெஷினில் போட்டுவிடாதீர்கள். பாதிக்குக் கொஞ்சம் மேலே மெஷினுக்கு. மீதியில் கிரைண்டர், வெள்ளைக் கல், நான்கு உளி, முழு முகத்தையும் மறைக்கிற ஃபேஸ் ஷீல்டு. பெரிய மெஷினும் மழுங்கிய உளியும் வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சின்ன மெஷினில் கூரான உளியோடு அருமையாகக் கடைகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பழைய மெஷின் கிடைத்தால் தயங்காதீர்கள். பார்க்க வேண்டியது, பெட் (மெஷினின் நீளமான அடிப்பாகம்) வார்ப்பிரும்பில் இருக்கிறதா என்பது. வார்ப்பிரும்பு அதிர்வைக் குடித்துவிடும். தகரத்தை மடித்துச் செய்த பெட் அதிர்வைத் திருப்பி உங்கள் உளிக்கே அனுப்பும். அடுத்து, ஹெட்ஸ்டாக் (கட்டையைச் சுழற்றுகிற தலை) முள்ளையும் டெய்ல்ஸ்டாக் (எதிர் முனையில் தாங்குகிற பாகம்) முள்ளையும் நெருக்கிக் கொண்டுவந்து நுனிக்கு நுனி பொருந்துகிறதா என்று பாருங்கள். நான் ஓய்வு பெற்றதும் அவசரப்பட்டு வாங்கிய முதல் மெஷினில் இதைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பூட்டிய பிறகுதான் தெரிந்தது, நுனிகள் 3 மி.மீ. விலகியிருந்தன. விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அடியில் தகடு கொடுத்துச் சரிசெய்ய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. கடையிலேயே அரை நிமிடத்தில் பார்த்திருக்கலாம்.

சுழல்தண்டின் மரை எவ்வளவு, உள்ளே இருக்கிற டேப்பர் (கூம்பாகக் குறுகும் துளை) எது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். 1 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 8 மரை என்பதும், எம்.டி. 2 (மோர்ஸ் டேப்பர் இரண்டாம் அளவு) டேப்பரும் பரவலாக உள்ளவை. பின்னால் சக் (கட்டையைக் கவ்விப் பிடிக்கிற பாகம்), முள் எது வாங்கினாலும் பொருந்தும். விநோதமான மரை உள்ள மெஷின் விலை குறைவாகக் கிடைத்தாலும் வேண்டாம், அப்புறம் ஒவ்வொரு பாகத்துக்கும் டர்னரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும்.

கிண்ணம், தட்டு ஆசை இருந்தால் 10 அல்லது 12 அங்குல விட்டம் சுற்றக்கூடியதாக இருக்கட்டும். மெஷினை எந்த மேசையிலும் தூக்கி வைத்துவிடாதீர்கள். நீங்கள் நிமிர்ந்து நின்று கையை மடக்கினால் முழங்கை எந்த உயரமோ, சுழல்தண்டு அந்த உயரத்தில் இருக்க வேண்டும். ஐந்தரை அடிக்குச் சற்றுக் குறைவான எனக்கு அது 40 அங்குலம். தாழ்ந்திருந்தால் மாலைக்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஸ்டாண்டின் அடித்தட்டில் இரண்டு மூட்டை மணல் போடுங்கள்.

நான்கு உளி என்றேன். ஒரு ரஃபிங் கௌஜ் (கட்டையை முதலில் உருளையாக்குகிறது), 10 மி.மீ. ஸ்பிண்டில் கௌஜ், ஒரு ஸ்க்யூ, ஒரு பார்ட்டிங் உளி (துண்டாக வெட்டி எடுக்கிறது). கிண்ணத்துக்கான கௌஜை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். ரஃபிங் கௌஜைக் கொண்டு எக்காரணத்தைக் கொண்டும் கிண்ணம் கடையாதீர்கள். வாய் அகலமாக இருப்பதைப் பார்த்து வலுவான உளி என்று தோன்றும். ஆனால் கைப்பிடிக்குள் போகிற அதன் வால் மெல்லியது. கிண்ணத்தில் நாரின் குறுக்குவெட்டு முகம் சுற்றுக்கு இரண்டு தடவை வந்து அறையும். வால் முறிந்தால் முறிந்த துண்டு உங்கள் முகத்துக்கு வரும்.

சக் உடனே வேண்டாம். முதல் ஆறு மாதம் இரண்டு முள்ளுக்கு நடுவில் சப்பாத்திக் கட்டை, மத்துக் காம்பு, கட்டில் கால் என்று கடையுங்கள். கை தன்னால் பழகும். பம்பரத்தையும் முக்கால்வாசி முள்ளுக்கு நடுவிலேயே முடித்துவிடலாம்.

பழைய அரத்தைத் தீட்டி உளியாக்கலாம் என்கிறார்களே?
— சிவகாசி வாசகர்

வேண்டாம். அரம் இரும்பைத் தேய்ப்பதற்காக மிகக் கடினமாகப் பதம் வைக்கப்பட்டது. கடினம் அதிகமானால் நொறுங்கும் குணமும் அதிகம். அதன் ஒவ்வொரு பல்லின் அடியும் ஒரு விரிசல் தொடங்குவதற்கான இடம். லேத்தில் ஒரு கொத்து கொத்தினால் கண்ணாடி மாதிரி உடையும். லாரி ஸ்பிரிங் பட்டையைக் கொல்லுப்பட்டறையில் கொடுத்து அடித்து, பதம் வைத்து வாங்கினால் அது வளைந்து கொடுக்கும், உடையாது. அதைவிட மலிவான வழியும் உண்டு. இரும்பு கடைகிற லேத்துக்கு விற்கிற எச்.எஸ்.எஸ். டூல் பிட், அரை அங்குலச் சதுரம், ஒன்று வாங்குங்கள். கனமான இரும்புக் கம்பியின் நுனியில் குழி வெட்டி, அதில் பிட்டை உட்காரவைத்து ஸ்க்ரூவால் இறுக்கினால் நல்ல ஸ்க்ரேப்பர். என் பட்டறையில் இப்படிச் செய்தது 12 வருடமாக ஓடுகிறது.

கையுறை போட்டுக்கொண்டு கடையலாமா?
— வேலூர் வாசகி

கூடாது அம்மா. சுழல்கிற எதற்குப் பக்கத்திலும் கையுறை ஆபத்து, நூல் சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும். துப்பட்டா, தொங்குகிற சங்கிலி, வளையல், அவிழ்ந்த கூந்தல் எதுவும் வேண்டாம். ஆண்களுக்கும் இதையே சொல்கிறேன், லுங்கியும் தோள் துண்டும் பட்டறைக்கு வெளியே இருக்கட்டும். என்னோடு வேலை செய்த ஒருவருடைய தோள் துண்டு ஃபேஸ்பிளேட்டில் (கட்டையைப் பூட்டுகிற சுழலும் தட்டு) சிக்கியது. துண்டு நைந்து போன பழையது என்பதால் கிழிந்தது, கழுத்து தப்பியது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

தம்பி, எங்கள் ஊரில் சீமைக்கருவேலம்தான் மலிந்து கிடக்கிறது. விறகுக்குப் போகிற அந்தக் கட்டையைக் கடைசலுக்கு எடுக்க முடியுமா? எடுத்துப் பார்த்த இரண்டு கட்டையும் வெடித்துவிட்டன.
— ராமநாதபுரம் வாசகர், வயது 71

என்னைவிட மூத்தவர் நீங்கள். தம்பி என்று அழைத்தது மகிழ்ச்சியாக இருந்தது அண்ணா. உங்கள் கேள்வி எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

அது அருமையான கடைசல் மரம். நெருங்கிய நார், கனம், வைரம் பாய்ந்த நடுப்பகுதி கருங்காப்பி நிறத்தில் இருக்கும். இதன் பெரிய குணம் சுருக்கத்தில் இருக்கிறது. எந்த மரமும் காயும்போது வளையத்தை ஒட்டி அதிகமாகவும், மையத்திலிருந்து வெளிப்பக்கமாகக் குறைவாகவும் சுருங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வட்டக் கிண்ணத்தை முட்டை வடிவம் ஆக்குகிறது, கட்டையை வெடிக்க வைக்கிறது. சீமைக்கருவேலத்தின் இனத்தில் சுருக்கமும் குறைவு, அந்த வித்தியாசமும் குறைவு. பேட்டர்ன் செய்கிறவனுக்குச் சுருக்கம்தான் வாழ்க்கை. வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும், அதற்கு ஏற்ப மரத்தைப் பெரிதாகச் செய்வோம். அதனால் சுருங்காத மரத்தைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும்.

அப்படிப்பட்ட மரம் ஏன் வெடித்தது? வெட்டிய கட்டையை முழு உருளையாகவே வெயிலில் போட்டிருப்பீர்கள். வெட்டு முகத்தின் வழியாக ஈரம் வேகமாக ஓடிவிடும், பக்கவாட்டில் மெதுவாகத்தான் போகும். வெட்டிய அன்றே இரண்டு வெட்டு முகத்திலும் உருக்கிய மெழுகு தடவுங்கள். மெழுகு இல்லையா, மிச்சம் கிடக்கிற பெயின்ட்டை இரண்டு கோட்டு அடியுங்கள். அப்புறம் மையப்புள்ளி வழியாகக் கட்டையை இரண்டாகப் பிளந்துவிடுங்கள். மையப்புள்ளி உள்ளேயே இருக்கிற கட்டை பெரும்பாலும் வெடித்தே தீரும். பிளந்த துண்டுகளை நிழலில், காற்று படும்படி, அடியில் குச்சி கொடுத்து அடுக்குங்கள்.

ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் காய வேண்டும் என்பது பழைய கணக்கு. அவ்வளவு காத்திருக்க முடியாது என்றால் பச்சையாகவே கடைந்துவிடுங்கள், ஆனால் முழுதாக முடிக்காதீர்கள். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் சுவரில் விடுங்கள். 10 அங்குலக் கிண்ணம் என்றால் சுவர் ஒரு அங்குலம். அதைக் காகிதப் பையில் போட்டு, அதே மரத்தின் சீவலைத் திணித்து, நிழலில் வையுங்கள். வாரம் ஒருமுறை மளிகைக் கடைத் தராசில் எடை போட்டுப் பையின் மேலேயே எழுதுங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது, எடுத்து மறுபடி கடைந்து முடிக்கலாம்.

இன்னும் மூன்று சங்கதி. வெளிப்பக்க வெள்ளை மரத்தில் உளு விழும், அதைத் தயங்காமல் சீவி எறிந்துவிடுங்கள். முள்ளும் பட்டையும் நீக்குகிற வரை கனத்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். லேத்துக்கு வரும்போது கழற்றிவிடுங்கள். மரம் கடினமானது, உளி சீக்கிரம் மழுங்கும். சாணைக்கல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

பேத்திக்குச் செப்புச் சாமான் கடைந்து கொடுக்க ஆசை. என்ன மரம், என்ன வண்ணம்?
— கும்பகோணம் வாசகி

அம்பாசமுத்திரம் செப்பு வைத்து விளையாடிய தலைமுறை நாம். வெளிர் நிறமும் நெருங்கிய நாரும் உள்ள மரமாகப் பாருங்கள். கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் பொம்மை செய்வது வெட்பாலை மரத்தில்தான். அதே மரம் நம் காடு மேடுகளிலும் வளர்கிறது. மஞ்சக்கடம்பும் நன்றாக வரும். பிள்ளைகள் வாயில் வைப்பார்கள் என்பதால் ஈட்டி, தேக்கு மரங்களை நான் இதற்கு எடுக்கமாட்டேன், சிலருக்குத் தோல் அரிப்பு வரும்.

வண்ணத்துக்கு அரக்கு. அரக்கைக் கரி அடுப்புச் சூட்டில் இளக்கி, நிறப்பொடியைச் சேர்த்து மாவு மாதிரிப் பிசைந்து குச்சியாக உருட்டிக்கொள்ள வேண்டும். கடைந்து முடித்த சாமான் சுழலும்போதே குச்சியை அதன்மேல் அழுத்தினால், உரசுகிற சூட்டில் அரக்கு உருகிப் பிடிக்கும். தாழை ஓலையை மடித்து அதன்மேல் வைத்து அழுத்தினால் சீராகப் பரவிப் பளபளக்கும். வழவழப்புக்கு வார்னிஷ் எதுவும் வேண்டாம். மஞ்சளுக்கு மஞ்சள்தூளே போதும், நீலத்துக்கு அவுரி. மஞ்சள்தூள் நிறம் வெயிலில் வெளுக்கும், ஜன்னலோரம் வைக்காதீர்கள். பெயர் தெரியாத பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சுப் பொடிகளை வாங்கவே வேண்டாம், அவற்றில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு.

பேத்திக்கு மூன்று வயதுக்குள் என்றால் எந்தத் துண்டும் 32 மி.மீ. குழாய்க்குள் நுழைகிற அளவில் இருக்கக் கூடாது. குட்டி மூடி, குட்டிக் கரண்டி எல்லாம் இன்னும் இரண்டு வருடம் பொறுக்கட்டும். பின்னால் விற்கிற எண்ணம் வந்தால், 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைத் துறை ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. முதலில் அந்தப் பதிவைச் செய்துகொள்ளுங்கள்.

என் லேத்தில் ஒரு ஹெச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார். வி.எஃப்.டி. மாட்டி வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாமா? எந்த வேகத்தில் கடைய வேண்டும்?
— சேலம் வாசகர்

வி.எஃப்.டி. என்பது மின்சாரத்தின் அலைவெண்ணை மாற்றி மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கருவி. உங்கள் மோட்டாரில் அது முடியாது. கெப்பாசிட்டர் வைத்த சிங்கிள் பேஸ் மோட்டார் வி.எஃப்.டி.க்கு ஒத்துவராது. த்ரீ பேஸ் மோட்டார் வேண்டும். அதிலும் கவனம் தேவை. வீட்டு 230 வோல்ட்டை வாங்கிக்கொள்ளும் வி.எஃப்.டி. த்ரீ பேஸாக வெளியே கொடுப்பதும் 230 வோல்ட்தான். நம் ஊரில் விற்கிற மோட்டார்களில் நிறைய 415 வோல்ட்டுக்கு மட்டும் கட்டியவை. பெயர்ப் பலகையில் டெல்டாவில் (சுருள்களை முக்கோணமாக இணைப்பது) 230 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஆனால் அந்தச் செலவு இப்போது தேவையா? உங்கள் மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை, மூன்றே முக்கால், ஐந்து அங்குலம் என்று மூன்று படி உள்ள புல்லி இரண்டு வாங்கி, ஒன்றை மோட்டாரிலும் மற்றதை லேத்தில் தலைகீழாகவும் மாட்டுங்கள். எந்தப் படியில் மாட்டினாலும் அதே பெல்ட் பொருந்தும். 720, 1,440, 2,880 என்று மூன்று வேகம் கிடைக்கும். வேகம் குறைகிற புல்லியில் இழுவை கூடும். வி.எஃப்.டி.யில் வேகத்தை மட்டும் குறைத்தால் இழுவை அதிகமாகாது, மோட்டாரின் விசிறியும் மெதுவாகி மோட்டார் சூடேறும். பின்னாளில் வி.எஃப்.டி. போட்டாலும் புல்லியைக் கழற்றிவிடாதீர்கள்.

எந்த வேகம் என்பதற்கு, கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்துச் சுற்றோடு பெருக்கினால் 6,000க்கும் 9,000க்கும் நடுவில் வர வேண்டும். 10 அங்குலக் கட்டைக்கு 600 முதல் 900. கோணல்மாணலான கட்டை என்றால் அதற்கும் கீழே. 12 அங்குலக் கட்டையை 2,000 சுற்றில் விட்டால் அதன் விளிம்பு மணிக்கு 115 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் ஒரு துண்டு தெறித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சுவிட்சைப் போடும்போது கட்டைக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள்.

மோர் கடைவதற்கும் மரம் கடைவதற்கும் நம் மொழியில் ஒரே சொல். மோட்டார் வருவதற்கு முன்னால் கடைசல் கட்டையில் கயிற்றைச் சுற்றி, மத்துக் கயிறு மாதிரியே ஒருவர் மாற்றி மாற்றி இழுப்பார். கட்டை முன்னும் பின்னும் சுழலும். முன்னால் சுழலும்போது மட்டும் உளி வெட்டும். அந்த வேகத்தில் கட்டில் காலும் தொட்டில் காலும் கடைந்தார்கள். கூர் மட்டும்தான் அவர்கள் கையில் இருந்தது. சீவல் சரியாக வரவில்லை என்று வேகத்தைக் கூட்டப் போகும் முன் உளியைத் தீட்டிப் பாருங்கள்.

அடுக்குமாடி வீட்டு பால்கனியில் சின்ன லேத் வைத்திருக்கிறேன். தூசிதான் பிரச்சினை.
— சென்னை வாசகர்

மரத்தூசியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995லேயே மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. மூக்கிலும் அதை ஒட்டிய காற்றறைகளிலும் வருகிற புற்று அது. சீவல் கனமானது, கீழே விழுந்துவிடும். கெடுதல் எல்லாம் உப்புத்தாள் போடும்போது கிளம்புகிற மெல்லிய தூசியில். அது மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். என்95 முகக்கவசம் போடுங்கள். கடைந்து முடித்ததும் உடனே கழற்றாமல், சுத்தம் செய்து முடிகிற வரை போட்டிருங்கள். கம்ப்ரஸர் காற்றை அடித்துச் சுத்தம் செய்யாதீர்கள், வாக்யூம் வையுங்கள். பால்கனியில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் கீழ்வீட்டுத் துணிமேல் போகாத திசையாகப் பார்த்து வையுங்கள். லேத் கால்களின் அடியில் கனத்த ரப்பர் பாய் போட்டால் சத்தம் கீழே இறங்காது.

உப்புத்தாள் வேலையைக் குறைக்கவும் வழி இருக்கிறது. கடைசிச் சீவலுக்கு முன் உளியைப் புதிதாகத் தீட்டிக்கொண்டு, மெல்லிய ஒரு சீவல் எடுங்கள். 60ஆம் நம்பரில் தொடங்க வேண்டியது 150இல் தொடங்கும். தூசி பாதிக்கும் கீழே போய்விடும்.

கடைந்த சப்பாத்திக் கட்டைக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன். ஒரு மாதத்தில் சிக்கு வாடை அடிக்கிறது. வேறு என்ன தடவலாம்?
— நாகர்கோவில் வாசகி

தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், விளக்கெண்ணெய் எதுவும் மரத்தில் காயாது அம்மா. ஈரமாகவே இருந்து, தேங்காயும் கடலையும் நாளாக ஆகச் சிக்கு பிடிக்கும். காய்கிற எண்ணெய் ஆளிவிதை எண்ணெய். சமையலுக்கு விற்கிற, எதுவும் கலக்காத ஆளிவிதை எண்ணெயாக வாங்குங்கள். பெயின்ட் கடையில் விற்கிற காய்ச்சிய எண்ணெயில் சீக்கிரம் உலர்வதற்காக உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள், சமையல் சாமானுக்கு அது வேண்டாம். முதலில் வெந்நீரும் சோப்பும் போட்டுப் பழைய எண்ணெயைத் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் நிழலில் காயவிடுங்கள். அப்புறம் மெல்லிசாக ஒரு கோட்டு தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்தெடுத்துவிட்டு ஒரு வாரம் விடுங்கள். இப்படி மூன்று தடவை. அரக்குப் பூச்சு இதற்கு ஆகாது, சூடும் வெந்நீரும் பட்டால் வெளுத்துவிடும்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். சுருட்டி வைத்த துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துப் போட்டு, விறைத்துக் காய்ந்த பிறகு குப்பையில் போடுங்கள். இடம் இல்லை என்றால் ஒரு வாளித் தண்ணீரில் முக்கி வையுங்கள்.